மூணு கேட்டை வச்சு ஃபை கணக்கைக் கூட்டத்தில் காட்ட முடியுமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
எங்க வாயனசாலையில் (நூலகத்தில்) அடுத்த கூட்டத்துக்கு ‘கம்ப்யூட்டருக்கு உணர்வு வருமா’ன்னு தலைப்பு. நரம்பியல் விஞ்ஞானி டொனோனி 2004-ல் முன்வச்ச ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டைப் பேசப் போறோம். பாகங்கள் பிணைஞ்சு ஒரே முழுமையா இயங்குற அளவுக்குத்தான் உணர்வுன்னு அது சொல்லுது; அந்த அளவுக்குப் பேர்தான் ஃபை. சூத்திரம் எழுதாம ஃபையைப் புரிய வைக்க வழி இருக்கா? 0 இல்லேன்னா 1 காட்டுற மூணு லாஜிக் கேட் எடுத்திருக்கேன்: ஏ ஆர் கேட் (பார்க்கறதில் ஒண்ணாவது 1னா 1), பி ஆண்ட் (ரெண்டும் 1னாதான் 1), சி எக்ஸ்ஆர் (ஒண்ணு மட்டும் 1னா 1). ஒவ்வொண்ணும் மத்த ரெண்டையும் பார்க்கும். ஃபையைக் கணக்கிடுற பைஃபை மென்பொருளில் ஏ, பி, சி-யோட இப்போதைய நிலையா 0,1,0 கொடுத்தா பிழைன்னு நின்னுடுது.

வாளையார் வயர்மேன்:
உங்க நிரல் சரிதாங்க. பி 1 ஆகணும்னா அதுக்கு முன்னாடி ஏ, சி ரெண்டும் 1. சி 1 ஆ இருந்தா ஏ-யும் 1 ஆகியே தீரும். அதனால 0,1,0-க்கும் 0,1,1-க்கும் முன்நிலையே கிடையாது. வந்து சேர முடியாத நிலைக்கு இந்தக் கோட்பாட்டில் கணக்கில்லை. 1,0,0 கொடுங்க.

கூட்டத்தில் மூணு பேரை அட்டையோட நிறுத்துங்க, தூக்கினா 1. கை தட்டினதும் மூணும் ஒண்ணா மாறணும். ஒருத்தர் முந்தினா மத்தவங்க புது அட்டையைப் பார்த்து மாத்திடுவாங்க, எல்லாம் கெட்டுடும். முடிவு பண்ணினதும் கண்ணை மூடிக்கச் சொல்லுங்க. 1,1,1-ல் ஆரம்பிச்சா 1,1,0, அடுத்து 1,0,0, பிறகு 0,0,1-க்கும் 1,0,0-க்கும் மாறி மாறி ஓடும்.

இனி வெட்டு, அதாவது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போற இணைப்பைத் துண்டிச்சுப் பார்க்கறது. ஏ-யை மட்டும் திருப்பி நிறுத்துங்க. பார்க்காததை 0ன்னு எடுத்துக்கறதுதான் பலரும் பண்ற தப்பு; அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் வரணும். ரெண்டு நாணயம் சுண்டி, ஒண்ணாவது தலை விழுந்தா தூக்கட்டும். முன்னாடி 1,0,0-ல் ஏ நிச்சயமா இறங்கும். இப்ப நாலுக்கு மூணு தரம் தூக்கும். இப்படித் திசையோட ஆறு வெட்டு இருக்கு. எது ரொம்பக் குறைவா மாத்துதோ, அந்த வித்தியாசம்தான் ஃபை.

சித்தூர்ப்புழை:
எந்த நிலைக்கு அடுத்து எது வரும்னு பைஃபைக்குக் கொடுக்கற அட்டவணையில் முதல் கேட்தான் வேகமா மாறும்: 000, 100, 010, 110. பள்ளிக்கூட வரிசையில் 000, 001ன்னு போட்டா பெரும்பாலும் பிழையே காட்டாது, விடை மட்டும் தப்பா வரும். கேட் எண்ணிக்கையையும் ஏத்தாதீங்க. ஒண்ணு கூடினாலே நேரம் 53 மடங்குக்குப் போகும்.

நெல்லியாம்பதி:
இன்னொண்ணும் காட்டுங்க டீச்சர். பி ஏ-யை மட்டும், சி பி-யை மட்டும் பார்க்கட்டும். ஏ யாரையும் பார்க்க வேண்டாம். சி-யிலிருந்து பின்னாடி போற திசையை வெட்டினா எதுவும் மாறாது. ஃபை பூஜ்யம். திரும்பி வராத இணைப்பு எவ்வளவு பெரிசா இருந்தாலும், விடை மனுஷன் சொல்ற மாதிரியே இருந்தாலும், இந்தக் கோட்பாடு அதுக்கு உணர்வில்லைன்னுதான் சொல்லும்.

எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. எக்ஸ்ஆர் கேட்டை வலை மாதிரி அடுக்கினாலே ஃபை எக்கச்சக்கமா ஏறும்னு கணினி விஞ்ஞானி ஸ்காட் ஆரன்சன் 2014-ல் காட்டினார். டொனோனி அதை மறுக்கலை, அப்ப அதுக்கும் உணர்வு உண்டுன்னு ஏத்துக்கிட்டார். அதனால ஃபை பூஜ்யம்னா உணர்வில்லைன்னு கூட்டத்தில் சொல்றப்போ, ‘இந்தக் கோட்பாட்டின்படி’ங்கிற வார்த்தையை விட்டுடாதீங்க.