இம்மர்சிவ்: ஆழ்வதா, முழுகுவதா, சூழ்வதா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஒரு சமயத்தாரின் வழிபாட்டு மரபைப் பிற பண்பாட்டினர் அறிந்துகொள்வதற்கான பாடமொன்றைத் தமிழாக்கி வருகிறேன். சீனாவிலுள்ள துன்ஹுவாங்கின் பௌத்தக் குகைக்குள்ளேயே நிற்பதுபோல் உணரச் செய்யும் 'இம்மர்சிவ்' தொழில்நுட்பத்துக்கு 'ஆழ்நிலைத் தொழில்நுட்பம்' பொருந்துமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

* * *

ஐயா, 'ஆழ்நிலை' என்றதும் படிப்பவர் மனம் தியானத்துக்குப் போய்விடும். முன்பொரு மடலில் வந்த 'முழுக்கு' இன்னும் சிக்கலானது: திருமுழுக்கு என்பது கிறித்தவர்களுக்கு ஞானஸ்நானம், சைவர்களுக்கு இறைவனுக்குச் செய்யும் நீராட்டு. பிற சமயத்தார் அறிந்துகொள்ள ஆக்கிய ஒன்றின் பெயரே அவர்களைச் சடங்குக்குள் இழுப்பதாகத் தொனிக்கக் கூடாது.

'முப்பரிமாணக் காட்சி'யும் போதாது. முன்பு பைசாந்தியத் தேவாலயமாக இருந்த இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவில் ஆய்வாளர்கள் பலூன்களை வெடிக்கச் செய்து, அந்த ஓசை குவிமாடத்தின் கீழ் சுழன்று அடங்குவதைப் பதிவுசெய்தார்கள்; அடங்கச் சுமார் 11 நொடிகள் ஆயின. அந்தப் பதிவைக் கொண்டு, பைசாந்தியத் திருச்சபைப் பாடல்களை வேறோர் அரங்கில் பாடினாலும் அங்கே பாடுவதுபோலவே ஒலிக்கச் செய்தார்கள். அங்கே கேட்பவரைச் சூழ்வது காட்சியன்று, ஒலி.

எனவே 'சூழ்நிகர்' என்பேன். தொல்காப்பிய உவமவியல் 'நிகர்ப்ப' என்பதை மெய்ப்பால் உவமத்துள் வைக்கிறது. அங்கே மெய் என்பது வடிவம். வடிவால் ஒத்தது, ஆனால் அதுவாகிவிடாதது என்ற பொருள் 'நிகர்' என்பதில் இருப்பதால், தொழுவோரின் இடத்தைக் காட்டும்போது அதைவிட நேர்மையான சொல் எனக்குத் தோன்றவில்லை.

* * *

'சூழ்' என்றால் மாணவர்களுக்குச் சூழ்ச்சிதான் நினைவுக்கு வரும். இறையனுபவத்தில் ஆழ்ந்தவரை ஆழ்வார் என்கிறோமே, அந்த 'ஆழ்' இங்கே எப்படி அயலாகும்?

* * *

கல்வெட்டுகளில் 'ஆள்வார்' என்ற வடிவம் வருவதையும் நோக்க வேண்டும். ஆழ்தல் என்ற வேரே ஐயத்துக்குரியது. சூழ்ச்சியோ, குறள் 671-இல் எண்ணித் தேர்தல் என்னும் பொருளில்தான் வருகிறது.

* * *

மூவர் 'சூழ்நிகர்' என்றும் ஒருவர் 'ஆழ்நிலை' என்றும் சொல்லியிருக்கிறீர்கள். காலம் இல்லாததால் 'சூழ்நிகர்த் தொழில்நுட்பம்' என்றே இடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'இம்மர்சிவ்' என்று சேர்த்துவிடுகிறேன்.

* * *

அச்சில் அப்படியே இருக்கட்டும். குறள் 671-ஐ விளக்கிச் சொன்ன பிறகே புரியும் சொல்லை வகுப்பில் என்னால் பயன்படுத்த இயலாது. நான் 'ஆழ்நிலை' என்றே சொல்லித் தருவேன்.