புது டீம் கட்டும் கோச்சை எதை வைத்து எடைபோடுவது?

மஞ்சக்குப்பம் ஹாக்கி:
எங்கள் கிளப்பில் சீனியர்கள் போலீஸ் வேலை, ரயில்வே, வெளியூர் காலேஜ் என்று ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். கோச் பள்ளிக்கூடப் பையன்களை எடுத்து அடியிலிருந்து ஆரம்பித்தார். இந்த சீசனில் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். கமிட்டியில் பாதிப் பேர் அவரை மாற்றச் சொல்கிறார்கள். பாஸிங் போன வருஷத்தைவிட நன்றாக இருப்பது எனக்குத் தெரிகிறது, ஆனால் கூட்டத்தில் அதை மட்டும் சொன்னால் எடுபடாது. ஸ்கோரைத் தவிர எதைக் காட்டிப் பேசுவது?

முத்தியால்பேட்டை ரைட் ஹாஃப்:
தம்பி, ஒரு நோட்டு போடுங்கள். ஹாக்கியில் சர்க்கிளுக்குள், அதாவது கோலுக்கு முன்னால் வரைந்த அரைவட்டத்துக்குள், நம் ஸ்டிக் பந்தில் படாமல் கோலே கிடையாது, அதனால் ஒவ்வொரு குவார்ட்டரிலும் எத்தனை முறை உள்ளே போனோம், எத்தனை முறை அவர்களை விட்டோம், பெனால்டி கார்னர் (எதிரணியின் தப்புக்காகக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) எத்தனை வாங்கினோம், எத்தனை கொடுத்தோம் என்று குறித்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். 0-3 என்று தோற்ற ஆட்டத்தில் பத்துத் தடவை உள்ளே போயிருந்தால் குறை ஃபினிஷிங்கில், அது பதினாறு வயசுப் பையனுக்கு வரும். உள்ளேயே போகவில்லை என்றால்தான் கோச்சிடம் கேட்க வேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் இந்தியப் பெண்கள் அணியை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன் 2016 ரியோவில் கடைசி இடம். டோக்கியோவிலும் நெதர்லாந்திடம் 1-5, ஜெர்மனியிடம் 0-2, பிரிட்டனிடம் 1-4. அங்கேயே நிறுத்தியிருந்தால் அப்போதைய கோச் ஷோர்ட் மரைனை எல்லோரும் திட்டியிருப்பார்கள். அதே அணிதான் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று சாய்த்து நாலாவது இடம் வந்தது.

லாஸ்பேட்டை அப்பா:
சார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு பக்கம்தான். என் பையனும் விளையாடுகிறான். "புது டீம் கட்டுகிறோம்" என்று எத்தனை சீசன் சொல்வது? இந்திய ஆண்கள் அணியின் கோச்சாக இருந்த கிரஹாம் ரீட் 41 வருஷம் கழித்து ஒலிம்பிக் மெடல், வெண்கலம், கொண்டுவந்தவர், அவரே 2023 உலகக் கோப்பைக்குப் பிறகு ராஜினாமா செய்தார். நியூசிலாந்துடன் 3-1 என்று முன்னால் இருந்த ஆட்டம் 3-3 ஆகி, சமனை உடைக்கும் ஷூட்அவுட்டில் கைவிட்டுப் போனது. முன்னிலையைக் காப்பாற்றுவது பயிற்சியில் வரும் விஷயம், அதைக் கோச்சிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? உங்கள் டீம் கடைசி குவார்ட்டரில் ஒரே மாதிரி கோல் வாங்குகிறதா, அதைச் சரிசெய்ய பிராக்டீஸில் என்ன நடந்தது என்று பாருங்கள். பெஞ்சில் இருக்கும் பையனுக்கு ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிகிறதா என்பதையும் கேளுங்கள். காரணம் தெரியாத பையன் பிராக்டீஸுக்கு வருவதையே நிறுத்திவிடுவான்.

நெல்லிக்குப்பம் கோல் கீப்பர்:
மண் தரையில் பழகிவிட்டு டர்ஃபில் (செயற்கைப் புல் தரை) ஆட வைத்தால் பந்து வரும் வேகத்துக்கே பையன்கள் தடுமாறுவார்கள், பந்தை ஸ்டிக்கில் இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக் எல்லாம் அப்புறம். டர்ஃபில் தோற்றதையும் மண்ணில் தோற்றதையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். இன்னொன்று, கோல் வாங்கிய பிறகு டீம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 2025 ஜூனியர் உலகக் கோப்பையில், சென்னையில், முன்னாள் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷ் கோச்சாக இருந்த இந்திய டீம் அரையிறுதியில் 1-5 என்று அடி வாங்கியது. அடுத்த ஆட்டத்திலும் அர்ஜென்டினாவிடம் 0-2 பின்தங்கி, கடைசி குவார்ட்டரில் நாலு கோல் போட்டு வெண்கலம் வாங்கியது. தலை தொங்காமல் ஆட வைத்ததில் கோச்சுக்கு நிச்சயம் பங்கு உண்டு.

மஞ்சக்குப்பம் ஹாக்கி:
எல்லோருக்கும் நன்றி. லாஸ்பேட்டை அண்ணன் சொன்ன கடைசி குவார்ட்டர் விஷயம் எங்களிடம் நிஜமாகவே இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அடுத்த சீசன் பாதி வரை டைம் கொடுங்கள், அதற்குள் எது மாற வேண்டும் என்று இப்போதே கோச்சுடன் உட்கார்ந்து எழுதி வையுங்கள் என்று கமிட்டியில் கேட்கப் போகிறேன். நோட்டு போட ஒரு பழைய பிளேயரையும் பிடித்துவிட்டேன்.