புதுப்பிப்பு: தூங்கும் முன் நன்றி எழுதும் பழக்கம்

தூங்கப் போகும் முன் அன்று கிடைத்த நல்லதை எழுதி வைக்கிறேன் என்று முன்பு இந்த இழையில் சொல்லியிருந்தேன். "இதனால் ஏதாவது மாறுமா?" என்று சிலர் கேட்டீர்கள். மாறுகிறது.

ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 'குடும்பத்துக்கு நன்றி' என்றே தினமும் எழுதினால் கை எழுதும், மனம் எங்கோ இருக்கும். "நான் போன் பேசி முடிக்கும்வரை அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்" என்று எழுதினால் அவள் முகமே கண்முன் வந்து நிற்கிறது. ஒன்றே ஒன்று போதும். யார், என்ன செய்தார் என்பது வரட்டும்.

தினமும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்க்கையில் நிறைவாக உணர்ந்தார்கள். உடற்பயிற்சிகூட அதிகம் செய்தார்கள்!

அப்புறம், எழுதியதை உரியவரிடமே சொல்லிவிடுங்கள். அக்காவிடம் சொன்னேன். "இதையெல்லாமா ஞாபகம் வைத்திருக்கிறாய்?" என்றாள், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

துக்கத்தில் இருப்பவர்களிடம் மட்டும் தயவுசெய்து இப்படி நன்றி எழுதச் சொல்லாதீர்கள். அவர்கள் பேசுவதைக் கேளுங்கள், போதும்.