மூன்றாவது கியரில் தொப்பூர் ஏறிய மகான்களின் கவனத்துக்கு

பிஎஸ்_ஆறு:
நம் பெங்களூர் லாரிக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். படிக்காதவர்களுக்காக அப்படியே தருகிறேன்: "இப்போது இருப்பவன் எல்லாம் டிரைவரே இல்லை. ஏசியில் உட்கார்ந்து பட்டன் அமுக்குகிறவன். நான் டாடா 1210-இல் பத்து டன் ஜவ்வரிசியோடு தொப்பூர் கணவாயை மூன்றாவது கியரில் ஏறியவன்." இதற்கு நாற்பது பேர் கை தட்டியிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் லாரியில் ஏறியதே வீடு மாற்றும்போதுதான்.

நான் பீனியாவில் இருந்து கோவைக்கும் சென்னைக்கும் பன்னிரண்டு சக்கரம் ஓட்டுகிறேன். ராத்திரி முழுக்கக் கண் விழித்து ஓட்டுகிறவனைப் பார்த்து பட்டன் அமுக்குகிறவன் என்றால் கோபம் வராதா? என் மாமாவும் அந்தக் காலத்து டிரைவர்தான். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவில் இருக்கிற அந்தத் தொப்பூர் ஏற்றத்துக்கு, மெதுவாக இழுக்கிற ரெண்டாவது கியர் என்றுதான் சொல்லுவார். மூன்றாவது என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

பழைய_ஸ்டீயரிங்:
அந்தப் பெரியவர் நான்தான் தம்பி. பெயரைப் போட்டே எழுதியிருக்கலாம், பயப்படாதே.

31 வருடம் ஓட்டினேன். சங்ககிரியில் கிளீனராக ஏறி, கலாசிபாளையத்தில் டிரைவராக இறங்கினேன். மூன்றாவது கியர்தான். டபுள் கிளட்ச் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா? கிளட்சை அமுக்கி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரை ஒரு சொட்டு கொடுத்து, மறுபடி அமுக்கிக் கீழ் கியரைப் போட வேண்டும். சொட்டு குறைந்தால் பல் கடகடவென்று கத்தும், பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான். காதால் கேட்டுத்தான் கியர் போட்டோம், மீட்டரைப் பார்த்து இல்லை. உன் மாமாவுக்கு அந்தக் காது இல்லாமல் போயிருக்கலாம். அதனால் ரெண்டாவதிலேயே கிடந்திருப்பார்.

பிஎஸ்_ஆறு:
மாமாவை இழுக்காதீர்கள்.

பழைய_ஸ்டீயரிங்:
இழுத்தது நீ.

லேலண்ட்_தாசன்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பவர் ஸ்டீயரிங் இல்லாமல் ஓட்டினேன் என்று அண்ணன் குரூப்பில் அடிக்கடி மார் தட்டுவார். 1969-லேயே அசோக் லேலண்ட் பவர் ஸ்டீயரிங் கொண்டுவந்துவிட்டது. உங்கள் ஓனர் காசு போடவில்லை, அவ்வளவுதான் விஷயம். கஞ்சத்தனத்தை வீரம் என்று சொன்னால் எப்படி?

பழைய_ஸ்டீயரிங்:
வந்துவிட்டார் எண்ணூர் லேலண்ட் ஆலையின் தூதர். தம்பி, நாங்கள் ஓட்டியது பென்ஸ் வம்சம். 1954-இல் டாடா ஜெர்மனிக்காரனோடு ஒப்பந்தம் போட்டு இறக்கிய வண்டி. 1969 வரைக்கும் முகப்பில் மூன்று முனை நட்சத்திரம் இருந்தது. நட்சத்திரம் போன பிறகும் எஞ்சின் ஜாதகம் அதேதான்.

லேலண்ட்_தாசன்:
லேலண்டும் இங்கிலாந்து வம்சம்தான். காமெட் வண்டியின் சத்தத்தை ஒரு முறை கேட்டவன் இன்னொன்றைத் தொட மாட்டான்.

பழைய_ஸ்டீயரிங்:
சத்தம்தான் வரும். ஏற்றம் ஏறாது.

ஜேசி_ரோடு_ஸ்பேர்ஸ்:
ஐயா, ஒரு நிமிடம். முதலில் நல்ல வண்டி என்றால் எது? டிரைவர் உடம்புக்கு நல்லதா, ஓனர் பைக்கு நல்லதா, நடு ரோட்டில் நின்றால் சரி செய்ய லேசானதா? இதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் புண்ணியமாகப் போகும். என் கடைக்கு ரெண்டு பக்கத்து ஆளும் வருகிறார்கள். பழைய வண்டிக்காரர் எஞ்சினில் டீசல் தெளிக்கிற நாசிலைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார், இதே மாதிரி ஒன்று கொடு என்பார், பேரம் பேசுவார், டீ குடிப்பார், போவார். புது வண்டிக்காரர் போனில் ஒரு எர்ரர் நம்பரைக் காட்டுகிறார். அந்த நம்பருக்கு நான் என்ன கொடுப்பது?

பழைய_ஸ்டீயரிங்:
கடைக்காரரே சொல்லிவிட்டார் பார். அப்புறம் புது வண்டிகளின் அந்த யூரியாத் தண்ணீர் கதை. வயலுக்குப் போடுவதை வண்டிக்கு ஊற்றுகிறார்கள். அது தீர்ந்தால் வண்டி நொண்டும். டீசல் இருக்கிறது, டயரில் காற்று இருக்கிறது, டிரைவரும் இருக்கிறான், வண்டி மட்டும் போகாது. போன ஐப்பசியில் கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு விளக்கு எரிந்ததற்காக ஒன்பது மணி நேரம் மழையில் நின்ற வண்டி யாருடையது? நான் சொல்லட்டுமா, தம்பியே சொல்கிறாரா?

பிஎஸ்_ஆறு:
என் வண்டிதான். மறைக்கவில்லை. லேப்டாப்பை மாட்டிக் கோளாறு பார்க்கிற ஆள் வர நேரமாயிற்று. அதற்கும் தொப்பூரில் எந்தக் கியர் என்பதற்கும் என்ன சம்பந்தம்?

ஜேசி_ரோடு_ஸ்பேர்ஸ்:
அது வயல் யூரியா இல்லை ஐயா. சுத்தம் செய்த யூரியா 32.5 சதவீதம், மீதி தண்ணீர். எஞ்சினுக்குள் போவதில்லை, சைலன்சர் பக்கம் போகிற புகையில் தெளிக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததில் இருந்து விற்கிறேன், கேன் கேனாகப் போகிறது. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

யார்டு_புக்கிங்:
யஷ்வந்த்பூர் யார்டில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1210 என்றால் 12 டன், 100 குதிரை. அந்த 12 டன்னில் வண்டியின் எடையும் சேர்த்தி. அண்ணன் பத்து டன் ஜவ்வரிசி என்கிறார். அப்படியானால் வண்டி காகிதத்தில் செய்ததா?

பழைய_ஸ்டீயரிங்:
அந்தக் காலத்தில் கணக்குப் பார்த்து ஏற்றினவன் யார்? ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து எதிர்ப்பக்கம் வளைகிற வரைக்கும் ஏற்றுவோம். ஏற்றச் சொன்னவர்களே உங்களைப் போன்ற புக்கிங் ஆட்கள்தான்.

யார்டு_புக்கிங்:
அப்படியா? அப்படியானால் 1998-இல் என் லோடில் மூன்று மூட்டை குறைந்ததே, அதையும் பேசிவிடலாம். பத்து டன் ஏற்றினேன் என்று இன்று பெருமை பேசுகிறவர் அன்று இறக்கும்போது எண்ணிக்கை சரியாக வரவில்லை.

பழைய_ஸ்டீயரிங்:
அந்த மூட்டைகள் உங்கள் கூலி ஆட்கள் ஏற்றும்போதே வராதவை. 27 வருடமாக இதையே சொல்லுகிறீர்கள். தார்ப்பாய் கட்டின கயிறு அவிழாமல் வந்ததை நீங்களே பார்த்தீர்கள். வாடகையில் பிடித்த பணம் இன்றுவரை எனக்கு வரவில்லை. அது இருக்கட்டும். மூன்றாவது கியர்.

லேலண்ட்_தாசன்:
மூட்டையும் மூன்று, கியரும் மூன்று. அண்ணனுக்கு ராசியான நம்பர் போல.

கட்டைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் டிரைவர் இல்லை. ஆறு வருடம் கிளீனராக இருந்துவிட்டு, இப்போது கே.ஆர். மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்.

லோடு வண்டி தொப்பூர் ஏற்றத்தில் ஏற ஆரம்பித்ததும் டிரைவர் "டேய், இறங்குடா" என்பார். நான் குதித்து, பின்னால் தொங்குகிற கட்டையை அவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு, பின் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடப்பேன். வண்டி திணறி நின்றால் அடுத்த நொடி சக்கரத்துக்கு அடியில் கட்டை விழ வேண்டும். விழாவிட்டால் வண்டி பின்னால் போகும். சைலன்சர் சூடு தொடையில் அடிக்கும், புகையில் முகம் கறுக்கும். ஆனாலும் நடந்தேன் என்பதைக் கவனியுங்கள். ஓடவில்லை. நடுவில் பீடி பற்ற வைக்கவும் நேரம் இருந்தது. மூன்றாவது கியரில் போகிற வண்டிக்குப் பக்கத்தில் பத்து கிலோ கட்டையோடு ஒருவன் எப்படி நடப்பான்?

பிஎஸ்_ஆறு:
அண்ணே! உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

பழைய_ஸ்டீயரிங்:
நீ எந்த வண்டியில் கிளீனர்? யார் டிரைவர்? கிளீனரை இறக்கி நடக்க விடுகிறவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று அர்த்தம். என் கிளீனர் ஏற்றத்தில் தூங்கிக்கொண்டு வருவான்.

கட்டைக்காரன்:
ஏனுங்க, அப்படியானால் உங்கள் வண்டியில் கட்டையே இல்லையா?

பழைய_ஸ்டீயரிங்:
கட்டை இருந்தது. புளியங்கட்டை. சோறாக்கும்போது உட்காருவதற்கு.

யார்டு_புக்கிங்:
சிரித்துச் சிரித்து டீ சிந்திவிட்டது.

பழைய_ஸ்டீயரிங்:
சிரியுங்கள். தொப்பூர் ஏற்றம் முழுவதும் ஒரே மாதிரியா இருக்கும்? அதுவும் அப்போது ஏழாம் நம்பர் ரோடு ரெண்டே வழி. இப்போது 44 என்று நம்பரை மாற்றி நாலு வழி போட்டதும் எல்லோரும் கணவாயைப் பற்றிப் பேச வந்துவிட்டார்கள். வளைவில் ரெண்டாவதுக்கு வந்திருக்கலாம். நேரில் மூன்றாவதுதான்.

பிஎஸ்_ஆறு:
"வளைவில் ரெண்டாவதுக்கு வந்திருக்கலாம்." எல்லோரும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_ஸ்டீயரிங்:
வந்திருக்கலாம் என்றேன், வந்தேன் என்று சொல்லவில்லை. தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கு லைசென்ஸ் யார் கொடுத்தது?

பிஎஸ்_ஆறு:
சரி, கியரை விடுங்கள். ஏசி உங்களுக்கு என்ன பாவம் செய்தது? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்குக் கேபின் ஏசியைச் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது. என் மாமாவின் இடது காலைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் மூடி அந்தப் பக்கம்தானே. கோடையில் வேலூர் தாண்டும்போது ஈரத் துண்டைக் காலில் சுற்றிக்கொள்வாராம். ஓசூர் வருவதற்குள் துண்டு மொறமொறவென்று காய்ந்துவிடும். இன்றைக்கும் அந்தக் காலில் முழங்காலுக்குக் கீழே முடி இல்லை. இதையா திரும்பக் கேட்கிறீர்கள்?

பழைய_ஸ்டீயரிங்:
எனக்கும் இல்லை. அதுதான் எங்கள் லைசென்ஸ். இருட்டில் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினால் போதும், டிரைவர் என்று தெரிந்துகொண்டு ஹோட்டல்காரன் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவான். உனக்கு யார் ஊற்றுகிறார்கள்? நீ போனில் ஆர்டர் போடுகிறாய்.

ஜேசி_ரோடு_ஸ்பேர்ஸ்:
இதற்கு நான் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

லேலண்ட்_தாசன்:
லேலண்டிலும் சூடு உண்டு. ஆனால் கௌரவமான சூடு.

யார்டு_புக்கிங்:
பழைய காலத்துக்கு ஏங்குகிறவர்கள் செக்போஸ்டையும் சேர்த்து ஏங்க வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரி செக்போஸ்டை எடுக்கிற வரைக்கும் ஓசூரில் விடிய விடிய வரிசை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டரில் கெஞ்சுகிற டிரைவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதில் அண்ணனும் ஒருவர். அங்கே எந்தக் கியர் என்று கேட்காதீர்கள்.

பழைய_ஸ்டீயரிங்:
நான் யாரிடமும் கெஞ்சவில்லை. நீங்கள் பில்லில் செய்த தப்புக்காக நின்றேன்.

பிஎஸ்_ஆறு:
எங்களுக்குத் தொப்பூரில் ஏறுவது ஒரு விஷயமே இல்லை ஐயா. இறங்குவதுதான் பயம், அதுவும் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டுக்கொண்டு வருகிறவன் பின்னால் வந்தால். அந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தது எந்தத் தலைமுறை என்று நான் சொல்லத் தேவையில்லை. மற்றபடி எங்கள் கணவாய் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்புதான். சிட்டிக்குள் விடும் நேரம் வரை எல்லையில் அத்திப்பள்ளியில் நின்று, அப்புறம் பைக்குகளுக்கு நடுவில் அங்குலம் அங்குலமாக நகர வேண்டும். அங்கே உங்கள் டபுள் கிளட்சைப் போட்டுக் காட்டுங்கள், காலில் விழுகிறேன்.

பழைய_ஸ்டீயரிங்:
நியூட்ரலில் நான் இறங்கினதே இல்லை. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது குரு சொன்னது. நான் மூன்றாவதில்தான் இறங்கினேன். இதில் இருந்தே தெரியவில்லையா எதில் ஏறினேன் என்று?

கட்டைக்காரன்:
அப்போதும் கிளீனர் தூங்கிக்கொண்டா வந்தான்?

பழைய_ஸ்டீயரிங்:
உன் கட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போ அப்பா.

யார்டு_புக்கிங்:
எல்லோரும் மன்னிக்கவும். நாளை ராத்திரி சேலத்துக்கு உருளைக்கிழங்கு லோடு இருக்கிறது. பன்னிரண்டு சக்கரம் காலியாக யாரிடம் இருக்கிறது?

பிஎஸ்_ஆறு:
என் வண்டி காலி. வாடகை?

யார்டு_புக்கிங்:
தனியாகப் போன் போடு. இங்கே சொன்னால் அண்ணன் 1998-க்குப் போய்விடுவார்.

பழைய_ஸ்டீயரிங்:
தம்பி, ஏற்றும்போது மூட்டையை நீயே நின்று எண்ணிக்கொள். அவரை நம்பாதே. திரும்பி வரும்போது தொப்பூரில் எந்தக் கியர் விழுகிறது என்று பார். உன் வண்டிக்கு ஒன்பது கியர், அது கணக்கில் வராது. இருந்தாலும் பார்த்துச் சொல்.