வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது மட்டும் ஆர்சிசிபி விழுகிறது, ஹீட்டர்தான் காரணமா?

எலக்ட்ரிகல் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். எங்கள் ஃப்ரன்ட் லோடு மெஷினில் குளிர்ந்த நீரில் துவைத்தால் ஒரு தொல்லையும் இல்லை. 60 டிகிரி வைத்தால், தண்ணீர் ஏறி, டிரம் சுற்றத் தொடங்கி, ஹீட்டர் ஆன் ஆகும் நேரத்தில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) பட்டென்று விழுகிறது. வீடு முழுக்க இருட்டு.

விழுவது எம்சிபி (ஓவர்லோடு ஆனால் விழும் பிரேக்கர்) இல்லை. ஹீட்டர் 2000 வாட், 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குள்தான் இழுக்கும். எம்சிபி 16 ஆம்பியர். அதனால் ஓவர்லோடாகத் தெரியவில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுகிறது என்றால் எங்கோ எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது. வேறு பாயின்டில் மாட்டினாலும் இதே கதை. அதே பாயின்டில் அயர்ன் பாக்ஸ் ஒழுங்காக ஓடுகிறது.

பிளக்கைப் பிடுங்கி, ஹீட்டர் வயர்களையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தேன். இரு முனைகளுக்கும் நடுவே 26 ஓம், அது சரியான அளவுதான். ஆனால் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே கசிவே காட்டவில்லை! இங்கேதான் குழப்பம். மல்டிமீட்டர் கொடுக்கும் சில வோல்ட்டில் பிடிபடாத கசிவு, 500 வோல்ட் மெகரில் (அதிக வோல்ட் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பிடிபடும் அல்லவா?

அப்புறம், “எர்த் வயரைக் கழற்றிவிடு, ட்ரிப் ஆகாது” என்று ஒருவர் யோசனை சொன்னார். ஷாக் அடித்துச் சாக விருப்பமில்லை, அதை மட்டும் யாரும் சொல்லாதீர்கள்.

மெகர் வைத்திருப்பவரைத் தேடிப் பிடிப்பதா, நேராக ஹீட்டரை மாற்றிவிடுவதா? இதே அறிகுறியோடு வேறு ஏதாவது, ஹீட்டருக்குப் போகும் வயரிங் மாதிரி, பழுதாக இருந்து பார்த்திருக்கிறீர்களா?