வட்டுவாகல் முகத்துவாரத்தை இப்போது வெட்டலாமா?

வயல்காரன்:
முல்லைத்தீவு நந்திக்கடல் களப்பு முட்டி நிற்கிறது. கேப்பாப்புலவில் நேற்று வயலுக்குள் இறங்கினேன், கதிர் வெளிவராத குடலைப் பயிரின் நுனி மட்டும்தான் வெளியே தெரிகிறது. இன்னும் மூன்று நாள் நின்றால் அழுகிவிடும். மானாவாரிக்காரனுக்குக் காலபோகம், இந்த மாரிப் பயிர் ஒன்றுதான். முகத்துவாரத்தை அடைத்திருக்கிற மணலை உடனே வெட்டிவிட வேண்டும்.

கரைவலை:
அண்ணை, இறால் இன்னும் விரல் நீளம்கூட வரவில்லை. இன்றைக்கு வெட்டினால் வெள்ளத்தோடு அதுவும் கடலுக்குப் போய்விடும். மாரியில் கடல் அடிக்கும்போது படகு இறக்க முடியாது, களப்பை வைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. 2004 சுனாமி படகைக் கொண்டுபோனது, 2009 போர் மிச்சத்தை. உங்கள் வயலாவது இருந்த இடத்திலேயே கிடந்தது.

வயல்காரன்:
கிடந்ததுதான், ஆமியின் முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம்! 2017இல் காணியைக் கேட்டு ரோட்டோரம் கொட்டில் போட்டு நாங்கள் இருந்தது காற்று வாங்கவா?

தண்ணீரூற்றான்:
காணிக் கதை என்றால் எங்களிடமும் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். திரும்பி வந்தபோது எங்கள் வரம்பைக் காடு மூடியிருந்தது. அதை விடுவோம். சின்னதாக ஒரு வாய்க்கால் வெட்டிப் பாதித் தண்ணீரை மட்டும் விட்டால் என்ன? பிரதேச சபையில் எல்லோரும் இருந்து ஒரு நீர்மட்டம் குறித்துக்கொள்ளலாமே.

கரைவலை:
நானா, நீங்கள் முகத்துவாரம் வெட்டிப் பார்த்ததில்லைப் போல. மண்வெட்டியால் ஒரு முழம் கீறினால் போதும், மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொள்ளும். மாலையில் தாண்டிப் போன இடத்தில் விடியற்காலை நீந்த வேண்டும். அதில் ஏது பாதி? ஆனால் மட்டம் குறிக்கிற கதை நல்லது. வட்டுவாகல் பாலத் தூணில் ஒரு கோடு போடட்டும், தண்ணீர் அதைத் தொடும்வரை யாரும் மண்வெட்டி தூக்கக் கூடாது.

வயல்காரன்:
கோட்டை யார் போடுவது? நீங்கள் போட்டால் என் கதிருக்கு மேலே போடுவீர்கள்.

மூன்றாம் வாய்க்கால்:
1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் எங்களது. வயலும் இல்லை, வலையும் இல்லை. காலையில் அண்ணைமாரின் வயலில் களை பிடுங்குகிறேன், இறால் காலத்தில் கரையில் தலை கிள்ளுகிறேன். கூட்டத்துக்கு விவசாயிகள் சங்கத்தையும் மீனவர் சங்கத்தையும்தான் கூப்பிடுவார்கள். கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். அப்புறம், போன வருஷக் கூலி இரண்டு பக்கமும் எனக்குப் பாக்கி.