நத்தம் ரோட்டில் தேவாங்கு கண்ணில் பட்டால்

ராத்திரியில் தேவாங்கைத் தேடி டார்ச் அடித்தால், மின்னும் கண்ணை வைத்தே பாதி தெரிந்துவிடும். தரையில் ஒற்றைப் புள்ளியாகச் சிவந்து தெரிந்தால் பெரும்பாலும் பக்கிக்குருவி. கிட்டே போனால் பறந்துவிடும். முள்மரக் கிளையில், ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கண்ணும் நெருங்கி நேராக நம்மைப் பார்த்தால் தேவாங்கு. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் அதற்கு ஆகாது. கேமரா பிளாஷ் வேண்டவே வேண்டாம்.

அண்ணே, தேவாங்கைக் கண்டுபிடிப்பதைவிட அது சாவது ஏன் என்பதுதான் முக்கியம். தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளையை எட்டிப் பிடித்தே அடுத்த கிளைக்குப் போகும். கிளை எட்டாத இடத்தில் தரையில் இறங்கும். அங்கே வண்டியோ நாயோ முடித்துவிடும். கரண்டுக் கம்பியைக் கொடி என்று பிடித்தாலும் அதே கதி. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காட்டுப் பகுதியில் 2022 அக்டோபரில் 11,806 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதலாவது. நல்லதுதான். ஆனால் நத்தம், அழகர்கோவில் பக்கம் நிறைய இடங்களில் தேவாங்குக்குப் பட்டா நிலத்து வேலிதான் காடு. கிளுவை மரங்களை நட்டு வளர்த்த உயிர்வேலிதான் அதன் நடைபாதை, எறும்பும் பூச்சியும் கிடைக்கிற சாப்பாட்டுக் கடையும் அதுவே. அதை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டால் இரண்டும் போச்சு. கம்பி போட்டே ஆகவேண்டும் என்றால் கூடவே கிளுவைப் போத்தும் (நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு) ஊன்றுங்கள்: 4 அடிப் போத்து, வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் வைத்து, மழைக்கு முன் ஒரு அடி ஆழத்தில். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

ரோட்டில் இருந்தால் வெறுங்கையால் தூக்காதீர்கள், கடிக்கும். முகத்துக்கு முன் ஒரு குச்சியை நீட்டுங்கள், தானே இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படியே தூக்கி, அது போய்க்கொண்டிருந்த திசையில் உள்ள மரத்தில் சேர்த்துவிடுங்கள். ஊருக்குள் பிடித்ததை அழகர்மலையில் கொண்டுபோய் விடுவது உதவி இல்லை; பழகிய கிளையும் துணையும் இல்லாத இடம் அது.

குட்டி மட்டும் தனியாகக் கிளையில் தொங்கினால் தொடவேண்டாம். தாய் இரை தேடப் போகும்போது அப்படித்தான் விட்டுப்போகும், விடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளும். அனாதை என்று எடுத்து வருகிறவர்கள்தான் அதை அனாதையாக்குகிறார்கள்.

அடிபட்டிருந்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, பருத்தித் துணி, பிடித்துக்கொள்ள ஒரு குச்சி. மூடி இருட்டாக்கி வனச்சரக அலுவலகத்தில் அன்றைக்கே ஒப்படையுங்கள். பாலும் வாழைப்பழமும் ஊட்டாதீர்கள். பாவம் பார்த்து வீட்டில் வைத்துக்கொண்டாலும், வனவிலங்குச் சட்டத்தில் மிக அதிகப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது, வழக்கு வரும்.